சம்பளம் நின்றது, படை சரிந்தது

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கடப்பாக்கம். அங்கே கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மதில், பாதிக்கு மேல் இடிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் உப்பும் நெய்யும் ஜரிகைத் துணியும் கப்பலேறிய துறை இது. 1750ல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டில், 1760ல், ஆங்கிலேயர் இதைப் பிடித்து இடித்தார்கள்.

இந்தியர்களைப் படையில் சேர்த்து ஐரோப்பிய முறையில் பழக்கும் வேலையில் முந்திக்கொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். பிறகு ஏன் தோற்றார்கள்?

முதலில் அந்தப் பயிற்சியின் அருமை, அதற்கு முன்பிருந்த படைகளைப் பார்த்தால்தான் விளங்கும். ஆற்காட்டு நவாபின் படையில் குதிரைவீரனுக்குக் குதிரை பெரும்பாலும் சொந்தச் சொத்து. அது செத்தால் பிழைப்பே போயிற்று. அப்படிப்பட்டவன் பீரங்கி வாய்க்கு நேரே குதிரையை விரட்டுவானா? 1746ல் அடையாற்றங்கரையில் நவாபின் மகன் மாபூஸ்கான் சுமார் பத்தாயிரம் பேரோடு நின்றார். புதுச்சேரியிலிருந்து வந்த பராடி என்ற தளபதியிடம் இருந்ததோ ஆயிரத்தை ஒட்டிய ஆட்கள். அவர்களிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஆற்றில் இறங்கிக் கடந்து, வரிசையாக நின்று சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். நவாபின் படை சிதறி ஓடியது.

வென்ற சிப்பாய்கள் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் துப்பாக்கி. மருந்தும் குண்டும் வைத்துச் சுருட்டிய காகிதத் தோட்டாவைச் சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிப்பான். கொஞ்சம் மருந்தைப் பொறி விழும் கிண்ணியில் இடுவான். மீதியையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு இரும்புக் கோலால் இடித்து இறக்குவான். பிறகுதான் சுட முடியும். பழகிய கை நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறை சுடும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறிவிடும். எனவே தனியொருவன் சுட்டுப் பயனில்லை. தோளோடு தோள் நின்று ஒரே சொல்லுக்கு எல்லோரும் சுட வேண்டும். இந்தத் துப்பாக்கியின் பலமே பயிற்சியில்தான் இருந்தது.

ஆங்கிலேயர் இதைப் பார்த்துக் கற்றார்கள். 1748ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் சிப்பாய்களைக் கம்பெனிகளாகப் பிரித்துப் பழக்கினார். கம்பெனிக்குச் சுபேதார், அவருக்குக் கீழே ஜமேதார், ஹவில்தார், நாயக். 1758ல் கம்பெனிகள் சேர்ந்து பட்டாலியன்கள் ஆயின. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது.

ஆனால் துப்பாக்கியும் பதவிப் பெயர்களும் மட்டும் படையை நடத்திவிடாது. அரிசியும் உப்பும் மாடும் சம்பளமும் வேண்டும். லம்பாடிகள் பொதிமாடுகளில் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்தோடு திரும்புவார்கள். போர்ப்படைகளுக்குத் தானியம் சேர்த்தவர்களும் அவர்களே. பீரங்கி இழுக்கவும் மாடுதான். 1758ல் பிரெஞ்சுத் தளபதியாக வந்த லாலி இதைச் சரியாக ஏற்பாடு செய்யாமலே புறப்பட்டார். மாடு கிடைக்காதபோது, சாதி, தொழில் எதையும் பாராமல் புதுச்சேரி மக்களைப் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார். அந்தக் கொடுமையை ஊர் மன்னிக்கவில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் அவர் சென்னையை முற்றுகையிட்டார். வெளியே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் தலைவராக இருந்த ராமநாதபுரம் சீமைக்காரர் யூசுப்கான் அவருடைய உணவு வழிகளை அறுத்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். அக்டோபரில் மாதக்கணக்கான சம்பளப் பாக்கிக்காக அவருடைய பிரெஞ்சு வீரர்களே கலகம் செய்தார்கள். மூன்றே மாதத்தில், 1760 ஜனவரி 22 அன்று, வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையை அவர் எதிர்கொள்ள வேண்டி வந்தது. போர் நடுவே பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று குண்டுபட்டு வெடித்தது. அந்தப் பக்கத்து அணி கலைந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். அதே ஆண்டு ஆலம்பரை விழுந்தது. 1761 ஜனவரியில் பட்டினி தாளாமல் புதுச்சேரியும் சரணடைந்தது. லாலியைப் பிரான்ஸ் 1766ல் துரோகி என்று சொல்லித் தலை வெட்டியது. தோல்விக்கான முழுப் பழியையும் ஒரே ஆள் தலையில் போட்ட தீர்ப்பு அது. பணம் அனுப்பாத பாரிஸுக்கும் அதில் பங்கு உண்டு.

உள்ளூர் ஆள், வெளிநாட்டு அதிகாரி என்ற இந்த ஏற்பாடு கடல் கடந்தும் போயிற்று. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் நியாசாலாந்தைப் பிடிக்க, 1891ல் பிரிட்டிஷார் இந்தியப் படையிலிருந்து சீக்கியர்களைக் கொண்டுபோனார்கள். பிறகு ஆப்பிரிக்க ஆட்களை வைத்தே, 1902ல் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் உருவானது. அதன் முதல் பட்டாலியன்தான், 1964ல் நியாசாலாந்து மலாவியாக விடுதலை பெற்றபோது, புதிய தேசிய ராணுவத்தின் கருவாயிற்று.

ஆலம்பரைக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்தது போக மிஞ்சியதை 2004 சுனாமி மேலும் பாழாக்கியது. போகிறவர்கள் மதில்மேல் ஏறாதீர்கள், செங்கல்லைப் பெயர்க்காதீர்கள், பெயர் கீறாதீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால், அங்கே காவல் நின்ற சிப்பாய்களின் கதையையும் சொல்லிக் கூட்டிவாருங்கள்.