கடலுக்குப் போகும் திண்டுக்கல் கேமராக்கள்

திண்டுக்கல்லில் நின்று பார்த்தால் கண்ணுக்குச் சிக்குவதெல்லாம் மலைதான். மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை, ஊருக்குள்ளேயே கோட்டையைச் சுமந்து நிற்கும் பாறை. கடல் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு நெடுங்காலமாக ஆடி அமாவாசையும் தை அமாவாசையும்தான். ராத்திரி வேன் பிடித்து, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத்துணி மூட்டையோடு வீடு வந்து சேர்வார்கள்.

இப்போது அதே சாலையில் வேறொரு கூட்டமும் போகிறது. தோளில் கேமரா பை, காரின் பின்பக்கம் மாற்றுத் துணி, கையில் ஃபோன். ராமநாதபுரம் மாவட்டத்துக் கரை திண்டுக்கல்லிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரப் பயணம். அதிகாலையில் கிளம்பினால் கயாக்கில் ஏறி, துடுப்புப் போட்டு, மீன்குழம்புச் சாப்பாடும் முடித்து, இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆனால், பலரும் கொண்டுவருவது ஒரே மாதிரிப் படங்கள்தான்: உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு கட்டை விரலை உயர்த்தும் நண்பர், பின்னால் வெளுத்துப்போன வானம், ஒரு பக்கம் சாய்ந்த கடல்.

கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருநாள் பயணத்தில் கிடைக்கும் படத்தில் பாதி, வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போதே முடிவாகிவிடுகிறது. எந்த மாதம், எந்தக் கரை, எத்தனை மணி வெயில் என்பதுதான் கணக்கு. மீதிப் பாதி, அதே இடத்துக்கு மறுபடி போவதில் இருக்கிறது.

காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

ராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் முதலாவதைப் பெண்கடல் என்றும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அடங்கியிருக்கும்போது மற்றொன்று பொங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாக் பக்கத்தில் கரையோரம் தணிந்து கிடக்கும். அக்டோபரில் காற்று வாடையாகத் திரும்பிவிட்டால் கதை தலைகீழ். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும். கயாக்கில் கேமராவோடு முதல்முறை ஏறுபவர்களுக்கு ஏற்ற காலம் அதுதான்.

கச்சான் காலத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பாக் கரையில் அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரத்தில் நீர் கண்ணாடிபோல் இருப்பதால் பயம் வராது. படம் எடுக்கும் மும்முரத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் கரை தள்ளிப் போயிருக்கும்; திரும்பும்போது முழு எதிர்காற்று. அதனால் போகும்போது எதிர்காற்றில் போய், களைத்த கையோடு திரும்பும்போது பின்காற்று கிடைக்கும்படி வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். உயிர்காப்புச் சட்டையைப் படத்துக்காகக்கூடக் கழற்றக் கூடாது.

தேதியையும் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் கூடுதல். பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் ஆழமில்லாத கழிமுகத்தில் அந்தச் சிறு வித்தியாசமே சேற்றுத் திட்டை வெளியே காட்டும், அல்லது மூழ்கடிக்கும். பறவைகள் மேய வேண்டுமென்றால் வற்றம் வேண்டும். கிளைக்குள் கயாக் நுழைய வேண்டுமென்றால் ஏற்றம் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்பார்க்க முடியாது.

காரங்காட்டின் கண்டல் கால்வாய்கள்

திண்டுக்கல்லிலிருந்து போகிறவர்கள் முதலில் பழக ஏற்ற இடம் காரங்காடு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் மீனவ கிராமம். செங்கோல் மாதா கோயில் ஊருக்கு அடையாளம். கோட்டைக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில் இரு கரையிலும் அலையாத்திக் காடு அடர்ந்திருக்கிறது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். படகுச் சவாரி உண்டு, கயாக் உண்டு, ஊர்ப் பெண்கள் சமைக்கும் கடல் உணவும் உண்டு. முதல் சவாரி எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. விடியல் வெளிச்சத்தைக் கரையிலேயே பிடித்துவிட்டு, அதன் பிறகு தண்ணீரில் இறங்கலாம். இந்தக் கரையில் சூரியன் திண்டுக்கல்லைவிட நான்கு நிமிடம் முந்தி உதிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மோட்டார் படகிலிருந்து காடு ஒரு பச்சைச் சுவராகத்தான் தெரியும். கயாக்கில் உட்கார்ந்தால் கண், நீருக்கு மேல் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் காடும் அதன் நிழலும் சம பங்காகச் சட்டகத்துக்குள் வரும். பிச்சாவரத்தில் சுரபுன்னையின் வளைந்த தாங்கு வேர்களைப் பார்த்தவர்களுக்கு இங்கே காட்சி வேறு. வெண்கண்டல் மரங்கள் சேற்றிலிருந்து பென்சில் குச்சிகளைப் போல ஆயிரக்கணக்கான மூச்சு வேர்களை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் மரம் மூச்சு விடுவது அந்தக் குச்சிகள் வழியாகத்தான்.

துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு கிளை அருகே ஐந்து நிமிடம் மிதந்து பாருங்கள். வெண்கண்டல், தான் உறிஞ்சும் உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். மழையில்லாத நாளில் இலைமேல் அந்த உப்பு பொடிப்பொடியாகப் பூத்திருக்கும். பக்கவாட்டில் விழும் காலை வெயிலில் ஒவ்வொரு துணுக்கும் மின்னும். ஃபோனின் மேக்ரோ வசதியே அதற்குப் போதும். வேர்களுக்கு நடுவே, ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் துள்ளும் மீன்கள் துடுப்பாலேயே தரையில் நகரும். கயாக்கின் நிழல் மேலே விழுந்தால் நண்டு வளைக்குள் ஓடிவிடும். அசையாமல் காத்திருந்தால் மறுபடி வெளியே வரும். என்ஜின் சத்தத்தோடு போகிறவர்களுக்கு இந்தப் படம் வாய்க்காது.

ஆடும் படகில் கேமரா

கயாக்கில் நம் கை அசைவு, நீரின் அசைவு, முன்னால் இருப்பவரின் துடுப்பசைவு மூன்றும் சேர்ந்து படத்தைக் கலைக்கும். ஷட்டர் வேகம் நொடியில் 500-ல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடுப்பிலிருந்து சிதறும் துளிகள் நின்று தெரிய வேண்டுமானால் 1,000-ல் ஒரு பங்காவது வேண்டும். அந்தத் துளிகளுக்கு எதிர்வெயில்தான் அழகு. ஆளைப் படம்பிடிக்க வேண்டுமானால் இன்னொரு கயாக்கிலிருந்து, சற்று முன்பக்கமாக, துடுப்பு நீரைவிட்டு எழும் கணத்தில் எடுங்கள். இருவர் கயாக் என்றால் கேமரா முன்னால் இருப்பவரிடம், துடுப்பு பின்னால் இருப்பவரிடம் என்று கரையிலேயே பேசிவிடுவது நல்லது.

வெளிச்சத்தை அளக்கும்போது கேமரா ஏமாறும். பளபளக்கும் நீரைப் பார்த்து, காட்சியே பிரகாசமானது என்று நினைத்து ஆளைக் கறுப்பாக்கிவிடும். ஃபோனில் முகத்தின் மேல் விரலை வைத்து அங்கே வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். பத்து மணிக்கு மேல் வெயில் உச்சிக்கு ஏறும்போது பலர் கேமராவைப் பையில் போட்டுவிடுகிறார்கள். ஆழமற்ற பாக் கடலில் அந்த நேரத்தில்தான் அடித்தரை தெரியும். கலங்கல் இல்லாத நாளில், கடற்பசு மேயும் கடற்புல்லும் மணல் வரிகளும் படகுக்குக் கீழே விரிந்து கிடக்கும். லென்ஸில் போலரைசர் மாட்டி, நேர் கீழே பார்க்காமல் கொஞ்சம் சாய்வாகப் பார்த்துத் திருப்பினால் மேற்பரப்பின் பளபளப்பு விலகிவிடும்.

வழியெல்லாம் ஏ.சி. காரில் வந்த கேமராவைக் கடற்காற்றில் சட்டென்று எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். சரியாகச் சூரியன் எழும் நேரத்தில் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசி அரை மணி நேரம் ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஃபோனை நீர்புகா உறையில் போடுவதற்கு முன் உறையின் கண்ணாடிப் பகுதியில் விரல்ரேகை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை உப்பை அகற்றுவது. காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியில் கீறல் போடும். முதலில் ஊதித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இன்னும் சில கரைகள்

உச்சிப்புளி வட்டாரத்தில் பிரப்பன்வலசையும் அரியமானும் பாக் பக்கத்துக் கரைகள். பிரப்பன்வலசையில் கயாக்கோடு, பலகையில் நின்றபடி துடுப்புப் போடும் விளையாட்டும் பழகுகிறார்கள். அகன்ற கடலின் முன்னே ஒற்றை ஆள் உருவம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கரை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுச்சென்ற சுவர்களையும், 2017 முதல் அரிச்சல்முனை வரை போகும் சாலையையும் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். குளிர்காலத்தில் சேற்றுப் பரப்பில் இறங்கும் பூநாரைகள்தான் அங்கே புதுப் பொருள். நெருங்கினால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். தொலைநோக்கு லென்ஸ் இல்லாதவர்கள், பரந்த வெளியில் இளஞ்சிவப்புக் கோடாக அவற்றை எடுப்பதே மரியாதை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் வெறிச்சென்று இருக்கும் என்று நினைத்து அந்த மாதங்களைத் தவிர்க்காதீர்கள். படகுகள் கரையேறி நிற்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது என்று துறைமுகமே பட்டறையாகிவிடும். நாட்டுப்படகுகளும் வத்தைகளும் அப்போதும் கடலுக்குப் போய்வரும். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுக்கும் பெண்களிடம் இது இன்னும் முக்கியம். ஈரச்சேலையோடு கரையேறும் நேரம் அவர்களுடைய வேலைநேரம். அதைச் சுற்றுலாக் காட்சியாக்க நமக்கு உரிமையில்லை.

சட்டத்துக்கும் இங்கே வேலை உண்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியின்றி அவற்றில் கால் வைக்கக் கூடாது. பவளத்தையோ கடல் அட்டையையோ கையில் எடுத்துப் படம்பிடித்தாலும் வழக்கு வரலாம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருப்பதால் டிரோன் ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. 2021 டிரோன் விதிகளின்படி எந்த வான்வெளி எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பறக்கவிட முடியாது. பன்னாட்டுக் கடல் எல்லை நெருங்கிய பகுதி என்பதால், கயாக்கில் போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஒத்திகைக்கு ஊர்த் தண்ணீர்

இவ்வளவையும் கடற்கரையில் போய்க் கற்றுக்கொள்ள ஒருநாள் போதாது. ஒத்திகை பார்க்கத் திண்டுக்கல் பக்கமே தண்ணீர் இருக்கிறது. நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் மலையடிவாரத்தில் கிடக்கிறது. காலை வெயில் மலைமுகத்தில் நேராக விழ, அதன் பிம்பம் நீரில் விரியும். தொடுவானத்தைச் சாயாமல் பிடிப்பதையும், நீரின் பளபளப்புக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்வதையும் அந்தக் கரையில் நின்றே பழகலாம். ஆடும் படகில் கை பழக வேண்டுமா, கொடைக்கானல் ஏரி இருக்கிறது. லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி 1863-ல் அமைத்த அந்த ஏரியில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். அரை மணி நேரம் சுற்றினாலே நம் படங்களில் எத்தனை சாய்கின்றன, எத்தனை கலைகின்றன என்று தெரிந்துவிடும்.

அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போகிறவர்களுக்கு ஒரு வாய்ப்புதான். வானிலை கைவிட்டால் அத்தோடு முடிந்தது. மூன்றரை மணி நேரத் தூரத்தில் கடல் வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. ஒரே நாளில் காரங்காடு, பிரப்பன்வலசை, தனுஷ்கோடி என்று ஓடி மூன்றையும் அரைகுறையாக எடுப்பதைவிட, ஒரு கால்வாயைப் பிடித்துக்கொள்ளலாம். அதே வளைவை, அதே திசையிலிருந்து, பிப்ரவரியில் ஒருமுறை, கச்சான் காலத்தில் ஒருமுறை, வாடை மழை ஓய்ந்து ஆற்றுத் தண்ணீர் கலங்கிவரும்போது ஒருமுறை எடுங்கள். நீரின் நிறம், பறவைகள், சேற்றின் உயரம் எல்லாம் மாறியிருக்கும். மூன்று படங்களையும் வரிசையாக வைத்தால் அது ஒரு கழிமுகத்தின் ஓராண்டு. வெளியூர்க்காரர் எவ்வளவு விலையுள்ள கேமராவோடு வந்தாலும் ஒரே பயணத்தில் அதை எடுத்துவிட முடியாது.