பூட்டைத் திறக்கும் முன்: கைப்பேசிக்கு வேறோர் இயங்குதளம்

கூகுள் நிறுவனம் 2019 மே மாதத்தில் பிக்சல் 3ஏ என்னும் ஸ்மார்ட்போனை வெளியிட்டது. 2022 மே வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தது. அந்தக் கெடு முடிந்த அன்று போனுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. காமிரா படம் பிடித்தது, திரை ஒளிர்ந்தது. ஆனால், அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இல்லை. வீடு உறுதியாக நிற்கிறது. காவலாளி மட்டும் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இத்தகைய போன்களைக் குப்பையில் போடாமல் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அதுவே வேறோர் இயங்குதளத்தை நிறுவுவது. போனின் உறுப்புகளையும் செயலிகளையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை நிரல்தான் இயங்குதளம். ஆண்ட்ராய்டின் மூல நிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டுள்ளது. அதைக் கொண்டு தன்னார்வலர்கள் உருவாக்கியது லினியேஜ் ஓஎஸ். சயனோஜென்மாட் என்ற முந்தைய திட்டம் 2016 டிசம்பரில் நின்றபோது அதன் தொடர்ச்சியாக இது தோன்றியது. பிக்சல் 3ஏ போனுக்கும் இது ஆக்கப்பட்டுள்ளது.

நிறுவுவது சிறிது நேர வேலை. அதற்கு முன் செய்யவேண்டிய ஆயத்தத்தில்தான் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன.

ஏன் எல்லாம் அழிகிறது?

போனை இயக்கியதும் இயங்குதளத்துக்கு முன்பே விழித்தெழும் சிறு நிரல் ஒன்று உண்டு. அதற்குப் பூட்லோடர் என்று பெயர். இயங்குதளம் உரிய மின்னணுக் கையொப்பம் பெற்றதுதானா என்று சரிபார்த்த பிறகே அது உள்ளே விடும். வேறோர் இயங்குதளம் வேண்டுமானால் இந்தப் பூட்டைத் திறந்தாக வேண்டும். அப்படித் திறக்கும்போது போனில் உள்ள படங்கள், செய்திகள் அத்தனையும் அழிந்துவிடும்.

இது என்ன அநியாயம் என்கிறீர்களா? சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் போன் ஒரு திருடனிடம் சிக்குகிறது. கடவுச்சொல் அவனுக்குத் தெரியாது. தனக்கு வேண்டிய இயங்குதளத்தை ஏற்றி உங்கள் தகவல்களைத் துருவப் பார்ப்பான். அதைத் தடுக்கவே பூட்டு திறந்ததும் உள்ளிருப்பவை அழியும்படி அமைத்துள்ளனர். திறப்பவர் திருடனா, உரியவரா என்று போனுக்குத் தெரியாது அல்லவா?

முதலில் படி எடுங்கள்

படங்களை எல்லோரும் நினைவாகப் படி எடுத்துவிடுவர். மறந்துபோகிறவை வேறு: போனில் மட்டும் பதிந்துள்ள தொலைபேசி எண்கள், குறுஞ்செய்திகள், குரல் பதிவுகள், வாட்சப் உரையாடல்கள். மறைந்த பாட்டியின் குரல் ஏதோ ஒரு பழைய பதிவில் இருக்கலாம். அழிந்தால் திரும்ப வராது. கணக்குகளில் நுழைய இரகசிய எண் காட்டும் செயலி இருந்தால், அதை முதலில் வேறு போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணக்குகளே உங்களை உள்ளே விடமாட்டா.

படி எடுத்தால் மட்டும் போதாது. கணிப்பொறியில் அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத படி, எடுக்காத படிக்குச் சமம்.

போனின் உண்மைப் பெயர்

பிக்சல் 3ஏ, பிக்சல் 3ஏ எக்ஸ்எல் இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் முன்னதன் உட்பெயர் சார்கோ. பின்னதன் உட்பெயர் பொனிட்டோ. இரண்டும் மீன்களின் பெயர்கள்! ஒன்றுக்கு ஆக்கிய இயங்குதளம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எனவே உங்கள் போனின் உட்பெயரைத் தெரிந்துகொண்டு, அதற்கு உரிய கோப்பையே எடுக்கவேண்டும்.

அடுத்து, பூட்டு திறக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். பிக்சல் போன்களில், போனைப் பற்றிய விவரப் பக்கத்தில் பில்ட் எண்ணை 7 முறை தட்டினால் ஒரு மறைவுப் பட்டியல் தோன்றும். பூட்டு திறக்கும் அனுமதி அதில் இருக்கும். அமெரிக்காவில் சில தொலைபேசி நிறுவனங்கள் வழியே விற்ற போன்களில் அந்த அனுமதியே கிடையாது. அப்படியானால் முயற்சியை அத்துடன் விட்டுவிடுங்கள்.

கோப்பு சரியானதா?

இறக்கிய கோப்பு வழியில் சிதைந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கு முறை உதவுகிறது. எவ்வளவு பெரிய கோப்பையும் அது 64 குறிகளாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் குறிகள் முற்றிலும் மாறிவிடும். திட்டத்தினர் வெளியிட்ட குறிகளும் உங்கள் கணிப்பொறி கணக்கிட்ட குறிகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மேலே செல்லுங்கள்.

எதை இழப்பீர்கள்?

பூட்டு திறந்த போனில் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். உத்தரவாதம் போகலாம். கூகுள் செயலிகள் லினியேஜ் ஓஎஸ்ஸுடன் வருவதில்லை; வேண்டுமானால் தனியே சேர்க்கவேண்டும். சில்லுகளுக்கு அவற்றைச் செய்த நிறுவனம் தரும் உள்நிரலைத் தன்னார்வலர்களால் திருத்த இயலாது. அதாவது, புதிய காவலாளி பெரும்பாலான கதவுகளைக் காப்பான், எல்லாவற்றையும் அல்ல. நிறுவியபின் பாதுகாப்பு கருதிப் பூட்லோடரை மறுபடி பூட்டிவிடாதீர்கள். போன் எழாமலே போகலாம்.

நிறுவும் நாளில் பேட்டரி நன்றாக ஏறியிருக்கட்டும். தகவலைக் கடத்தும் நல்ல யூ.எஸ்.பி. கம்பி வேண்டும், பேட்டரியை ஏற்ற மட்டும் பயன்படும் கம்பி உதவாது. திரும்பி வரும் வழியையும் வைத்துக்கொள்ளுங்கள்: பிக்சல் போன்களின் பழைய இயங்குதளக் கோப்புகளைக் கூகுளே வெளியிட்டுள்ளது. அதையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் முயற்சியை அன்றாடம் பயன்படுத்தும் போனில் செய்யாதீர்கள். அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்று இருக்குமே, அதை எடுத்து அதன் உட்பெயர் என்ன என்று தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.