பாம்புக்குச் சாப்பாடு எங்கே? பெட்டிக்குள்ளா, வெளியிலா?

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அமெரிக்காவில் பல வீடுகளில் அந்தப் பாம்பு கூடத்திலேயே இருக்கிறது! கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் அதை எடுத்துத் தோளில் போட்டுக் கொள்கிறான். "கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வா" என்கிறாள் அம்மா. அவ்வளவுதான்!

அவை விஷப் பாம்புகள் அல்ல. சோளப் பாம்பு, பந்து மலைப்பாம்பு ஆகிய இரண்டையும் நிறையப் பேர் வளர்க்கிறார்கள். சோளப் பாம்பு அந்த நாட்டின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. பந்து மலைப்பாம்புக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. பயந்தால் தலையை உள்ளே வைத்து, பந்துபோல் சுருண்டு கொள்ளும். இரண்டும் சாதாரணமாக 3 அடி முதல் 5 அடி வரை வளரும்.

நம் ஊரில் யாரும் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

60 வயதுப் பாட்டி!

பந்து மலைப்பாம்புக்கு ஆயுள் கெட்டி. வீட்டில் 20, 30 ஆண்டுகள்கூட இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல் ஒருவர் ஒரு பாம்பைக் கொடுத்தார். 2020-ல், 60 வயதைத் தாண்டிய அந்தப் பாம்பு 7 முட்டைகள் இட்டது!

இத்தனை காலம் உயிரோடு இருக்கும் பிராணிக்குச் சாப்பாடு போடுவதில்தான் தகராறு. பாம்புக்குப் பால் வார்க்கிற பேச்சு அங்கே இல்லை. அது பால் குடித்து வாழாது. எலிதான் வேண்டும். அந்த எலியைப் பெட்டிக்குள் போடுவதா, பாம்பை வெளியே எடுத்து வேறு பெட்டியில் விட்டுப் போடுவதா?

வெளியே எடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி நெடுநாளாகச் சொல்லி வருகிறது. பெட்டிக்குள்ளேயே எலி கிடைத்தால், மூடி திறக்கும் போதெல்லாம் "இரை வந்துவிட்டது" என்று பாம்பு நினைக்குமாம். குழந்தை கையை விட்டால் லபக்கென்று கவ்விவிடுமாம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்குப் பாருங்கள். வளர்ந்த பாம்புக்கு வாரத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் அரிதாகத்தான் சாப்பாடு. தண்ணீர் வைக்க, சுத்தம் செய்ய, மூடியைத் தினமும் திறக்கிறார்கள். மூடி திறந்தால் எலி என்று அது எப்படி நினைக்கும்? சாப்பாட்டுக்காகவே தூக்கித் தூக்கி வேறு பெட்டியில் விட்டால், "தூக்கினால் எலி" என்று அல்லவா பழகிவிடும்!

கடி எப்போது விழுகிறது?

பாம்பு நாக்கை நீட்டி வாடை பிடிக்கிறது. பந்து மலைப்பாம்புக்கு உதட்டு ஓரத்தில் சிறு குழிகள் உண்டு. எலியின் உடல் சூட்டை அவற்றால் அறியும். எலி வாடை வந்ததும் அதற்கு வெறி ஏறிவிடும். சாப்பிட்டு முடித்த பிறகும் அந்த வெறி உடனே அடங்காது. அந்த நேரத்தில் அதைத் தூக்கிப் பழைய பெட்டிக்குக் கொண்டு போக வேண்டும். சூடான கை, அதில் எலி வாடை! கடி விழுவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பாம்புக்கும் ஆபத்து. வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கி ஆட்டினால், விழுங்கியதைக் கக்கிவிடும். நாம் வாந்தி எடுப்பதுபோல் அல்ல அது. வயிற்றின் அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும். பிறகு சுமார் 2 வாரம் பட்டினி போட்டு, சின்ன எலியில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். கக்குவதே வழக்கமாகிவிட்டால் பாம்பு மெலிந்து செத்தும் போகும்.

இரை உள்ளே போனதும் பாம்பின் உடம்பில் பெரிய வேலை நடக்கிறது. பர்மா மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள், சாப்பிட்ட ஓரிரு நாளில் அதன் சிறுகுடல் இரண்டு மடங்கு கனத்துவிடுவதைக் கண்டார்கள். அப்போது அதற்குச் சூடும் அமைதியும் வேண்டும். ஆகவே சாப்பிட்ட பின் 2 நாளாவது தொடக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் பெட்டிக்குள் போடுவதே சரி.

இடுக்கியும் கொக்கியும்

உயிருள்ள எலியைப் போடுவதில்லை. எலி திருப்பிக் கடித்துப் பாம்பைப் புண்ணாக்கிவிடும். ஐஸில் உறைந்த எலியைக் கடையில் வாங்கி, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுகிறார்கள். கீழே மரச்சீவல் கிடந்தால் ஒரு தட்டை வைக்கிறார்கள். வாயில் சீவல் ஒட்டாது.

சும்மா தூக்கும் நாளில், முதலில் கொக்கியால் உடம்பை மெல்லத் தடவுகிறார்கள். "இன்று சாப்பாடு இல்லை" என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. கை பிறகுதான் உள்ளே போகிறது.

ஒரே பெட்டியில் இரண்டு பாம்பு இருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே பிரித்து வைத்துத்தான் போட வேண்டும். ஒரு எலியின் தலையை ஒன்றும் வாலை மற்றொன்றும் கவ்விவிட்டால், இரண்டு வாயும் நடுவில் சந்திக்கும். எலியோடு சேர்த்து ஒரு பாம்பு மற்றதையும் விழுங்கிவிடலாம்! விவரம் தெரிந்தவர்கள் முதலிலேயே ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிவிடுகிறார்கள்.