சட்டத்தைச் சீர்தூக்கல்

முன்னாளில் இராமாநுசர் பிறந்த ஊர் என்றே ஸ்ரீபெரும்புதூர் அறியப்பட்டது. இந்நாளிலோ அவ்வூர் தொடங்கி ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. மோட்டார் வண்டிகளும் செல்பேசிகளும் அங்கே உருவாகின்றன. வைகறையில் அச்சாலையில் நிற்போர், தொழிலாளரை ஏற்றிவரும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் அமர்ந்தவாறே உறங்குவோர் பலர். அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உழைக்கலாம்? இவ்வினாவைக் குறித்து 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பெரிய சொற்போர் எழுந்தது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதற்கு வரம்பு கட்டியிருந்தது. வயது வந்த ஒருவரை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலோ, வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேலோ வேலை வாங்கலாகாது. மிகை நேரம் உழைத்தவர்க்கு இருமடங்கு ஊதியம் தருதல் வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய திருத்த மசோதா, இவ்வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் உரிமையை அரசுக்குத் தந்தது. நாள்தோறும் 12 மணி நேரமாக 4 நாள் உழைத்து, எஞ்சிய 3 நாளும் ஓய்வு கொள்ளலாம் என்று விளக்கம் கூறப்பட்டது.

இதில் நன்மையே இல்லை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. முதலீடு செய்ய வரும் அயல்நாட்டு நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்ச்சியை எதிர்பார்க்கின்றன. தொழில் பெருகினால் வேலையும் பெருகும். தொலைவிலுள்ள மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளைஞன், 3 நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஊருக்குச் சென்று பெற்றோரைக் கண்டு மீளலாம். பன்னிரண்டை நான்கால் பெருக்கினாலும் 48. எட்டை ஆறால் பெருக்கினாலும் 48. கணக்கு ஒன்றே.

ஆயின், உடல் இக்கணக்கை அறியாது. எட்டாம் மணியில் இயந்திரத்தை இயக்கும் கைக்கும் பன்னிரண்டாம் மணியில் இயக்கும் கைக்கும் வேறுபாடு உண்டு. போக்குவரவுக்கு 2 மணி நேரம் என்று கொண்டால், வீட்டிற்கு மிஞ்சுவது 10 மணி நேரமே. சமைத்துக் குழந்தையைப் பேணும் தாய் அப்பத்தில் எத்தனையை உறக்கத்திற்கு ஒதுக்குவாள்?

விரும்புவோர்க்கு மட்டுமே இம்முறை என்றும் கூறினர். அச்சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். நிலையான வேலையுடையவர் ‘மாட்டேன்’ எனலாம். ஒப்பந்தத் தொழிலாளி அவ்வாறு கூறிவிட்டு மறுநாளும் ஆலை வாயிலில் நுழைய இயலுமா? நன்மை பலர்க்குச் சென்று, சுமை மட்டும் மறுக்க இயலாதவர் தோளில் விழுமாயின், நன்மையின் அளவைக் காட்டி அச்சட்டத்தை நேரியது என்று கூறுதல் அரிது.

காக்க வந்த சட்டமே சுமையாவதும் உண்டு. மேற்கூறிய 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலை வேலையினின்று விலக்கியிருந்தது. பாதுகாப்பே அதன் நோக்கம். எனினும், இரவுமுறை உள்ள ஆலைகளில் பெண்கள் வேலைவாய்ப்பை இழக்க அதுவே காரணமாயிற்று. 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெறுமனே நீக்கிவிடாமல், போக்குவரத்து முதலிய பாதுகாப்புகளை நிபந்தனையாகவும் வைத்தது.

மீண்டும் 12 மணி நேர மசோதாவிற்கு வருவோம். ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே அதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள், அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் 1923-ஆம் ஆண்டு மே நாள் விழாக் கொண்டாடி அன்றோடு 100 ஆண்டுகள் நிறைந்திருந்தன.