வயலிலும் நடக்கும் கால்

ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். ராஜஸ்தானில் ஒரு சின்ன ஊர். இரண்டு ஏக்கர் நிலம். ஒரு நாள் ஓடும் ரயிலில் ஏறப் போனார். கால் வழுக்கி விழுந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் அவருக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அதற்கு ஒரு ஷூவும் கொடுத்தார்கள். அவர் மகிழ்ச்சியோடு ஊருக்குத் திரும்பினார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் அந்தக் கால் வீட்டு மூலையில் கிடக்கிறது. அவர் கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு நடக்கிறார்.

ஏன் அப்படி? காலைக் கொடுத்தும் அவர் ஏன் போட்டுக்கொள்ளவில்லை?

1960களில் ஜெய்ப்பூர் நகரத்து டாக்டர் ஒருவரை இந்தக் கேள்வி வாட்டியது. அவர் பெயர் டாக்டர் பி.கே. சேத்தி. சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு சிகிச்சை டாக்டர். இந்தக் கேள்விக்கு விடை காண அவருக்குத் துணை நின்றவர் ஒரு கைவினைஞர். அவர் பெயர் ராம் சந்திர சர்மா. எல்லோரும் அவரை ‘மாஸ்டர்ஜி’ என்று அழைத்தார்கள். இருவர் உழைப்பிலும் பிறந்ததுதான் ‘ஜெய்ப்பூர் கால்’.

பிசகு எங்கே?

அன்று ஆஸ்பத்திரிகளில் கிடைத்த செயற்கைப் பாதம் மேலை நாட்டு முறையில் செய்தது. அதன் உள்ளே கெட்டியான மரக்கட்டை இருக்கும். குதிகாலில் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். கணுக்கால் மடங்காது. பாதம் பார்க்கவும் பாதம் போல இருக்காது. எனவே அதை ஷூவுக்குள் மறைத்துத்தான் போட வேண்டும்.

மேலை நாட்டு மக்களுக்கு அது போதும். அவர்கள் நாற்காலியில் உட்காருகிறார்கள். மேசையில் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்குள்ளும் பலர் ஷூவோடு இருக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் சமதளமான தரையில்.

நம் வாழ்க்கை எப்படி? தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறோம். குந்தி உட்கார்ந்து அடுப்பு ஊதுகிறோம். களை எடுக்கிறோம். மலம் கழிக்கவும் குந்தித்தான் உட்காருகிறோம். கோயிலுக்கும் மசூதிக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறோம். வரப்பில் நடக்கிறோம். சேற்றில் இறங்குகிறோம்.

ஷூவோடு சேற்றில் இறங்க முடியுமா? மடங்காத கணுக்காலோடு குந்த முடியுமா? ஷூவைக் கழற்றாமல் பூஜை அறைக்குள் போக முடியுமா? முடியாது. அதனால்தான் கால் மூலைக்குப் போனது. தவறு கால் இழந்தவரிடம் இல்லை. அவருக்குக் கொடுத்த காலில் இருந்தது.

நான்காம் வகுப்பு படித்த ஆசிரியர்

மாஸ்டர்ஜி கைவினைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் மரம், கல், உலோகம் எதைக் கொடுத்தாலும் அவர் கைக்கு வசப்படும். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கேதான் கால் இழந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் படும் பாட்டையும் பார்த்தார்.

டாக்டருக்கு எலும்பும் தசையும் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழும், எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியும். மாஸ்டர்ஜிக்குப் பொருளின் குணம் தெரியும். எது வளையும், எது உடையும், எதை எப்படி ஒட்டலாம் என்று தெரியும். ஒருவர் அறிவு மற்றவருக்குத் தேவைப்பட்டது.

முதலில் மாஸ்டர்ஜி மரத்தில் பாதம் செதுக்கிப் பார்த்தார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மரம் வளையுமா?

அப்புறம் நடந்ததை இப்படிச் சொல்கிறார்கள். ஒரு நாள் மாஸ்டர்ஜியின் சைக்கிள் டயர் பழுதாகிவிட்டது. டயர் கடைக்குப் போனார். அங்கே ஒரு லாரி டயருக்கு ரீட்ரேடிங் செய்துகொண்டிருந்தார்கள். அதாவது, தேய்ந்த டயரின் மேல் புது ரப்பரை வைத்துச் சூடாக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர்ஜி வேலையைக் கவனித்துப் பார்த்தார். ‘இதே ரப்பரில் ஒரு பாதம் செய்ய முடியாதா?’ என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

பாத அச்சோடு திரும்பப் போனார். கடைக்காரர் ரப்பரை ஊற்றிப் பாதம் செய்து கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் காசு வாங்க மறுத்துவிட்டாராம்.

ஆனால் அந்தப் பாதமும் சரியாக வரவில்லை. முழுக்க ரப்பரானதால் கனத்தது. நடந்தால் சீக்கிரம் விரிந்துவிட்டது. இருவரும் சலிக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார்கள். உடைந்ததைப் பார்த்தார்கள். ஏன் உடைந்தது என்று யோசித்தார்கள். மறுபடி செய்தார்கள். 1968ஆம் ஆண்டு வாக்கில் நல்ல பாதம் ஒன்று உருவானது.

அந்தப் பாதத்துக்குள் என்ன இருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் அது மனிதப் பாதம்தான். ஐந்து விரல்கள் தெரியும். நிறமும் நம் தோலின் நிறம். உள்ளே மூன்று பகுதிகள் இருக்கின்றன.

முன்பாதம் ஒரு பகுதி. குதிகால் ஒரு பகுதி. இரண்டும் மெத்தென்ற ரப்பரால் ஆனவை. செருப்பின் அடிக்குப் போடுகிறார்களே, காற்று நுண்ணறைகள் உள்ள ரப்பர், அது போன்றது. மிதித்தால் அமுங்கும். விட்டால் பழையபடி எழும்பும்.

கணுக்கால் மூன்றாவது பகுதி. அங்கே ஒரு சின்ன மரக்கட்டை இருக்கிறது. மேலே வரும் காலை அதில்தான் இணைப்பார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்து, மேலே ரப்பர்ப் படலங்களைச் சுற்றுவார்கள். டயருக்குள் நூல் இழைகள் இருக்குமல்லவா? அதே போன்ற இழைகளையும் வைத்துச் சுற்றுவார்கள். அவை பாதம் பிளந்துவிடாமல் காக்கும். பிறகு எல்லாவற்றையும் உலோக அச்சுக்குள் வைத்து மூடிச் சூடாக்குவார்கள். டயர் கடையில் ‘வல்கனைசிங்’ என்று சொல்வது இதுதான். சூட்டில் எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிடும்.

இதில் மாற்றம் எங்கே என்று கவனியுங்கள். பழைய பாதத்தில் மரக்கட்டை முன்பாதம் வரை நீண்டிருந்தது. அதனால் மடங்கவில்லை. புதுப் பாதத்தில் மரம் கணுக்காலோடு நின்றுவிட்டது. எனவே பாதம் மேலும் கீழும் வளைகிறது. பக்கவாட்டிலும் சாய்கிறது. மேடு பள்ளத்தில் தானே சரிந்து கொடுக்கிறது. குந்தலாம். சம்மணம் போடலாம். மரமும் ரப்பருக்குள் மூடி இருப்பதால் தண்ணீர் பட்டாலும் கவலை இல்லை. ஷூவும் தேவையில்லை.

பாதத்துக்கு மேலே கால் வேண்டுமே? முதலில் அதை அலுமினியத் தகட்டில் செய்தார்கள். தகடு தட்டும் கைத்தொழிலாளர்கள் அதைச் சுத்தியலால் தட்டி வடிவம் கொடுத்தார்கள். பிற்காலத்தில் தண்ணீர்க் குழாய் செய்யும் கெட்டியான பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். எஞ்சிய காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அளவு எடுப்பார்கள். அதிலிருந்து அச்சு செய்வார்கள். பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்து மாட்டுவார்கள். அது இலேசாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும். ஊரிலிருந்து வருகிறவர் அளவு கொடுத்து, அதிக நாள் காத்திருக்காமல் காலோடு திரும்பலாம்.

கால் எப்படிப் பரவியது?

நல்ல பொருள் செய்தால் மட்டும் போதுமா? அது தேவைப்படுகிறவர் கைக்குப் போக வேண்டும். முதல் ஏழு ஆண்டுகளில் 59 பேருக்குத்தான் இந்தக் கால் கிடைத்தது.

டி.ஆர். மேத்தா என்பவர் ராஜஸ்தானில் அரசு அதிகாரியாக இருந்தார். 1969இல் ஒரு சாலை விபத்தில் அவருடைய தொடை எலும்பு நொறுங்கியது. காலை எடுக்க வேண்டி வருமோ என்ற பயம் இருந்தது. கால் தப்பியது. ‘என் கால் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஏழைகள் என்ன செய்வார்கள்?’ என்று அவர் யோசித்தார். 1975இல் ஜெய்ப்பூரில் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே வருகிறவர்களுக்குக் காலை இலவசமாகப் பொருத்தினார்கள்.

அன்று முதல் இன்று வரை பல லட்சம் பேர் அந்த அமைப்பிடமிருந்து கால்களும் மற்ற உதவிகளும் பெற்றிருக்கிறார்கள். போரும் கண்ணிவெடியும் கால்களைப் பறித்த நாடுகளுக்கும் இந்தக் கால் போனது. ஆப்கானிஸ்தானில் பலர் இதைப் போட்டு நடந்தார்கள். இலங்கையில் யாழ்ப்பாணத்தில் கால் இழந்தவர்களுக்கு உதவும் மையத்தின் பெயரிலேயே ‘ஜெய்ப்பூர்’ இருக்கிறது. இந்தக் காலுக்கு யாரும் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு செய்யலாம்.

நாட்டியக் கலைஞர் சுதா சந்திரனைப் பலர் அறிவீர்கள். 1981இல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பேருந்து விபத்துக்குப் பிறகு அவர் ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டார். வலியைத் தாங்கிப் பயிற்சி செய்தார். 1984இல் மறுபடி மேடையில் பரதநாட்டியம் ஆடினார். அவர் கதையே ‘மயூரி’ என்ற படமானது. அதில் அவரே நடித்தார்.

யாருக்குப் பெயர்?

1981இல் டாக்டர் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். அவர் 2008இல் காலமானார். ஆனால் மாஸ்டர்ஜியின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

படித்தவர் யோசிப்பார், படிக்காதவர் வேலை செய்வார் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அது சரியல்ல. டயரைப் பார்த்துப் பாதத்தை நினைத்தது யோசனை இல்லையா? கையும் யோசிக்கும். பல ஆண்டு பழக்கத்தில் கை கற்ற பாடம் புத்தகப் பாடத்துக்குக் குறைந்ததல்ல. அதே சமயம் டாக்டரின் படிப்பு இல்லாமல் மாஸ்டர்ஜியின் கை மட்டும் இதைச் செய்திருக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்தபோதுதான் கால் பிறந்தது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

செயற்கைக் கால் மாயக் கால் அல்ல. அளவு சரியில்லை என்றால் உரசிப் புண்ணாகும். வலியைப் பொறுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. திரும்பப் போய்ச் சரி செய்துகொள்ள வேண்டும். எஞ்சிய காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். சிவப்பு, கொப்புளம், புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதமும் ரப்பர்தான். உழைக்க உழைக்கத் தேயும். சில ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும்.

முழங்காலுக்கு மேலே கால் போனவர்களுக்குச் செயற்கை முழங்காலும் தேவை. அவர்கள் நடக்கப் பழகக் கூடுதல் நாள் ஆகும். பொறுமையும் பயிற்சியும் வேண்டும்.

காலை இழப்பதற்கு விபத்து மட்டும் காரணமல்ல. சர்க்கரை நோயும் பெரிய காரணம். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண் பெரிதாகிக் காலையே எடுக்க வேண்டி வரலாம். எனவே அவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. புண் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கால் இழந்தவருக்கு உதவி பெற வழி உண்டு. செயற்கை உறுப்புகள் செய்வதற்கென்றே மத்திய அரசின் நிறுவனம் ஒன்று கான்பூரில் 1972இல் தொடங்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்க அரசுத் திட்டமும் இருக்கிறது. முதலில் அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறன் சான்றிதழ் பெற வேண்டும். அதோடு அடையாள அட்டையும் வாங்க வேண்டும். உங்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இது பிச்சை அல்ல. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை உறுதி செய்கிறது.

முதலில் பார்த்த விவசாயியை மறுபடி நினைத்துப் பாருங்கள். இப்போது அவர் வரப்பில் நடக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சுகிறார். மதியம் மரத்தடியில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறார். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள ஒரு டாக்டருக்கு மனம் இருந்தது. அதைச் செய்து காட்ட ஒரு கைவினைஞருக்குக் கை இருந்தது.

சேர்ந்து பேசுவோம்

1. பழைய செயற்கைக் கால் நம் ஊர் மக்களுக்கு ஏன் ஒத்து வரவில்லை?

2. மாஸ்டர்ஜி டயர் கடையில் என்ன கற்றுக்கொண்டார்?

3. உங்கள் ஊரில் கையால் பொருள் செய்கிறவர் யார் யார்? தச்சர், கொல்லர், குயவர், தையல்காரர், சைக்கிள் கடைக்காரர்? அவர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்த கருவி ஏதாவது உண்டா? போய்ப் பாருங்கள். அவர்கள் பெயரையும் அந்தக் கருவியையும் பற்றி உங்கள் நோட்டில் பத்து வரி எழுதுங்கள்.

4. உங்கள் தெருவில் கால் இழந்தவர் யாராவது இருக்கிறாரா? அவருக்குச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கின்றனவா? இல்லையென்றால் விண்ணப்பம் எழுத நீங்கள் உதவலாமே. இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும்.