தவறிய வேலையை யார் செய்வது?

காஞ்சிபுரத்தை அடுத்து, செய்யாற்றங்கரையில் மாகறல் கோயில் இருக்கிறது. பூஜை வேளை வந்தால் மணி ஒலிக்கும். அர்ச்சகருக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம். யுனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் அந்த மணியை அடிப்பது 'க்ரான்' என்னும் நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும், பட்டியலைப் பார்க்கும், வேளை வந்த வேலையைத் தொடங்கிவிட்டு மறுபடி உறங்கும். பட்டியலில் '30 18 * * *' என்று எழுதினால் தினமும் மாலை 6.30. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்பது வரிசை.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் 'பாஸ் லினக்ஸ்' இருந்தது. அதிலும் க்ரான் உண்டு. பாடக்குறிப்புகளை இரவு 2 மணிக்குப் படியெடுக்கும்படி அதனிடம் சொல்லிவிட்டு, கணினியை அணைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள். என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது! இரவும் பகலும் ஓடும் பெரிய கணிப்பொறிகளுக்காகப் பிறந்தது க்ரான். தவறிய வேளையை அது திரும்பிப் பார்ப்பதில்லை. வட்டு கெட்டுப்போகும் நாளில்தான் படியே இல்லை என்பது உங்களுக்குத் தெரியவரும்.

ஆகவே 'அனாக்ரான்' நிரலையும் நிறுவிக்கொள்ளுங்கள். முனையத்தைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அனாக்ரான்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கடவுச்சொல் கேட்கும், கொடுங்கள். இது மணியைப் பார்ப்பதில்லை. வேலை கடைசியாக நடந்த தேதியைக் குறித்து வைத்திருக்கும். காலையில் கணினியைப் போட்டதும் நேற்றைய பாக்கியைக் கண்டுகொண்டு, சில நிமிடம் பொறுத்துச் செய்து முடிக்கும்.