தறிக்குழி வெளிச்சமும் முதல் லைக்காவும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குப் படமெடுக்கப் போகும் புகைப்படக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதலில் திணறுவது வெளிச்சத்தில்தான். தெருவில் கண் கூசுகிற வெயில். வாசற்படி தாண்டி உள்ளே போனால் கண் பழகவே கொஞ்ச நேரம் பிடிக்கும். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். பக்கத்தில் ஒரு ஜன்னல், கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, தலைக்கு மேலே ஜக்கார்டு. மிச்சம் இருக்கும் இடத்தில்தான் நாம் ஒண்டிக்கொள்ள வேண்டும். பிளாஷ் போட்டால் பட்டும் சரிகையும் பளீரென்று திருப்பி அடிக்கும். படத்தில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

சென்னையிலிருந்து விடுமுறை நாளில் இங்கே வரும் இளைஞர்கள் சிலரின் கழுத்தில் இப்போது ஃபிலிம் கேமரா தொங்குகிறது. பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே அந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: "அண்ணா, லைக்கா வாங்கலாமா?" ஆசை தப்பில்லை. மாதத் தவணை போட்டாவது வாங்கிவிடத் துடிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையிலிருக்கும் கேமராவோடு ஒரு முழுநாள் தறி வீட்டில் உட்காருங்கள். அந்தக் கேமராவால் செய்ய முடியாத வேலை எது என்று உங்களுக்கே பிடிபட்ட பிறகு கடைக்குப் போங்கள். பணம் சேர்ந்துவிட்டது என்பதற்காக வாங்கிய லைக்காக்கள் பீரோவில்தான் இருக்கின்றன.

தறி வீட்டில் பிடிபடும் வேலை என்ன? இருட்டைச் சமாளிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். இருட்டுக்கு இன்றைய டிஜிட்டல் கேமராவே போதும். எந்த ஃபிலிமையும்விட நன்றாகச் செய்யும். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா உதவுவது வேறு இடத்தில்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும். படம் பதியும் அந்தக் கணத்தில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் பார்ப்பதற்குத் தனி ஜன்னல். அதன் நடுவே ஒரு சிறு கட்டத்தில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கும். ஒன்றோடு ஒன்று படிந்த இடத்தில் ஃபோகஸ் சரி. கோர்வை போடும் நெசவாளருக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்: உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா ஓட்டி, உடலும் கரையும் சேரும் இடத்தில் இழை பிசகாமல் பூட்டும் அதே கவனம்.

அந்த ஜன்னலில் படத்தின் எல்லையைக் காட்ட வெளிச்சக் கோடுகள் உண்டு. கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. நெசவாளரோடு பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். யாருடைய கை எப்போது அசையும் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். கோட்டுக்கு வெளியே அந்தக் கை கிளம்பும்போதே நாம் பார்த்துவிட்டால், நாடா உள்ளே வரும்போது விரல் தயாராக இருக்கும். அழுத்திய கணத்திலும் காட்சி மறையாது. எழுந்து விழக் கண்ணாடியே இல்லாததால் அதிர்வும் குறைவு. விநாடியில் 15-இல் ஒரு பங்கு வேகத்தில்கூட மூச்சை அடக்கிக் கையிலேயே பிடித்து எடுத்துவிடலாம்.

லைக்காவின் மெல்லிய ஷட்டர் ஓசையைப் பற்றி உலகமே புகழ்ந்து எழுதியிருக்கிறது. ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை. பலகை அடிக்கும் சத்தத்தில் எந்த ஷட்டரும் கேட்காது. பாவு பிணைக்கும் வீட்டில்தான் அதன் அருமை தெரியும். பழைய பாவின் இழை நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், கண்ணும் விரலும் தவிர எதுவும் அசையாது. அங்கே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் தலை நிமிரும், படம் போய்விடும்.

இந்தக் கேமரா எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமையே சின்னப் பெட்டியில் போட்டுப் படமெடுக்கும் கருவியைச் செய்தார். 1925-இல் லைப்ஸிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. ஃபோகஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932-இல் லைக்கா 2-இல் சேர்ந்தது. இன்றும் எல்லோரும் ஏங்கும் எம் வரிசை 1954-இல் எம்3 கேமராவோடு தொடங்கியது.

அதே 1932-இல்தான் பிரெஞ்சுப் புகைப்படக்காரரான ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் மார்செய் நகரில் தன் முதல் லைக்காவை வாங்கினார். அதற்கு முன் அவர் ஓவியம் படித்தவர். ஆப்பிரிக்காவுக்குப் போய், கடுங்காய்ச்சலில் சாகக் கிடந்து ஊர் திரும்பியிருந்தார். அந்தச் சமயத்தில் மார்ட்டின் முன்காச்சி எடுத்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது: தாங்கனிக்கா ஏரியின் அலைக்குள் ஓடும் மூன்று கறுப்பினச் சிறுவர்கள். ஓடும் கணத்தை இப்படி நிறுத்த முடியுமா என்ற வியப்புதான் அவரைக் கேமராவின் பக்கம் திருப்பியது. பளபளக்கும் பாகங்கள் ஜனங்கள் கண்ணில் படாமலிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு தெருவில் அலைந்தார்.

அவருடைய லைக்கா நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது. 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தியைச் சந்தித்துவிட்டு வந்த சற்று நேரத்தில் காந்தி சுடப்பட்டார். 1950 ஏப்ரலில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார்; ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோதும் அங்கேதான். அதே மாதத்தில் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். பல பத்தாண்டுகளாக யாரையும் படமெடுக்க விடாமல் இருந்தவர் அரவிந்தர். அந்த ஆண்டு டிசம்பரில் மறைந்தும்விட்டார். திருவண்ணாமலையும் புதுச்சேரியும் காஞ்சிபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தூரம்தான். எம்3 வர அப்போது இன்னும் 4 ஆண்டு இருந்தது.

கடல் தாண்டினால் கொழும்பில் லயனல் வெண்ட். பியானோக் கலைஞர், வழக்கறிஞர் படிப்பு படித்தவர். 1930-களில் லைக்காவும் ரோலிஃப்ளெக்ஸும் அவர் கைக்கு வந்தன. மீனவர்கள், வயல்கள், நடனக்காரர்கள், வெற்று உடல்கள் என்று இலங்கையை அதுவரை யாரும் பார்க்காத விதத்தில் பார்த்தார். 1944-இல் 44 வயதில் இறந்துபோனார். தெற்காசியப் புகைப்படக் கலையில் அவரைத் தாண்டிப் போனவர்கள் குறைவு என்பது என் கருத்து. நம் இளைஞர்கள் நியூயார்க் தெருப் படங்களைப் பார்க்கும் நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தால் நல்லது.

போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் கதை வேறு மாதிரி. ஹங்கேரியிலிருந்து வெளியேறிப் பாரிஸில் பசியோடு திரிந்த நாட்களில் அவருடைய லைக்கா அவர் கையில் இருந்ததைவிட அடகுக்கடையில் இருந்த நேரம் அதிகம். படத்துக்கு வேலை கிடைத்தால் மீட்பது, வாடகைக்குத் தட்டினால் மறுபடி வைப்பது. நம் நாட்டுப் புகைப்படக்காரர் ரகு ராய்க்கோ கேமரா அண்ணன் வழியாக வந்தது. கட்டடப் பொறியியல் படித்துவிட்டு டெல்லியில் அண்ணன் எஸ். பாலிடம் வந்து தங்கியவர், அவர் கொடுத்த கேமராவில் ஒரு கழுதைக் குட்டியைப் படமெடுத்தார். அண்ணன் அதை லண்டனுக்கு அனுப்ப, 'தி டைம்ஸ்' பத்திரிகை வெளியிட்டது. 1977-இல் அதே கார்த்தியே-பிரெஸ்ஸோன் ரகு ராயை மேக்னம் புகைப்பட அமைப்புக்கு முன்மொழிந்தார். இவர்கள் யாருக்கும் கேமரா முதலில் வரவில்லை. பார்க்க வேண்டும் என்ற தவிப்பு முந்திக்கொண்டது.

நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களின் வழி லைக்கா பக்கமே போனதில்லை. யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா, பிறகு பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2. கல்யாண வேலைக்கு அவை சரியானவை. மணவறையில் ரேஞ்ச்ஃபைண்டருக்கு அவசியமும் இல்லை. வெளிநாட்டுக் கேமராவுக்குச் சுங்க வரி கழுத்தை நெரித்த காலம் அது. சென்னையில் பர்மா பஜார், இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினர் பெட்டி. இந்த இரண்டு வழியில்தான் நல்ல கேமரா வீட்டுக்குள் வந்தது.

அப்படி வந்த ஜப்பானியக் கேமராக்களில் பல ரேஞ்ச்ஃபைண்டர்களே. யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் இரண்டும் முக்கியம். மாமா வீட்டு அலமாரியில் தோலுறையோடு கிடக்கலாம். லைக்காவுக்கு ஏங்கும் முன் அங்கே தேடுங்கள். இவற்றுக்கான பழைய பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. எலக்ட்ரோவுக்கு அடாப்டர் போட்டு இன்றைய பேட்டரியைப் பொருத்தலாம். கேனனெட் கையால் வைக்கும் அளவுகளில் பேட்டரி இல்லாமலே ஓடும். லென்ஸ் கழற்ற வராது, ஆனால் இரண்டு உருவத்தை ஒன்றாக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும். அது பிடிக்கவில்லை என்று தெரிந்தால் லட்சக்கணக்கில் மிச்சம். சோவியத் ஃபெட், ஜோர்கி கேமராக்களும் உண்டு. முதல் கேமராவாக அவற்றை நான் சொல்ல மாட்டேன். சரியாக ஓடுவது கிடைப்பது அரிது.

இதைத் தாண்டியும் வேண்டும் என்று தோன்றினால் எம் வரிசைக்கு வரலாம். இங்கே தறி அறையே முடிவு சொல்லிவிடும். எம்3-இன் ஜன்னலில் 50, 90, 135 எம்.எம். லென்ஸுகளுக்குத்தான் கோடு. குழித்தறி அறையில் 50 போட்டால் முதுகு சுவரில் முட்டும், தறி பாதிதான் படத்தில் வரும். 35 வேண்டும். அதற்குக் கோடு உள்ள எம்2, எம்4, எம்6 போன்றவற்றில் ஒன்றுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். எம்6 1984-இல் வந்தது. உள்ளேயே வெளிச்ச மீட்டர் உண்டு, பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். 2022-இல் நிறுவனம் அதையே மீண்டும் தயாரிக்கத் தொடங்கியபோது லென்ஸ் இல்லாமல் 5,000 டாலருக்கு மேல் விலை வைத்தது.  ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லேண்டர் பெயரில் செய்த பெஸ்ஸா ஆர்2ஏ போன்றவை அதே எம் லென்ஸுகளை ஏற்கும், விலையும் குறைவு. தயாரிப்பு நின்றுவிட்டதால் பழையதுதான் கிடைக்கும். லென்ஸுக்கு நல்ல பணம் போடுங்கள். பாடி அப்புறம் மாறலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஜன்னலுக்குள் அந்தச் சின்னக் கட்டம் மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்தினால் சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் திக்கினால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. லென்ஸைத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஃபங்கஸ் வலை போலத் தெரியும். கடலோரத்திலிருந்து வரும் லென்ஸில் இது சகஜம். நம் வெயிலுக்கென்று இன்னொரு சோதனையும் உண்டு. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே மறைக்கக் கண்ணாடி கிடையாது. மூடி போடாமல் வானத்தைப் பார்த்து வைத்துவிட்டால் லென்ஸ் சூரியனைக் குவித்துத் துணித் திரையில் ஓட்டை போட்டுவிடும். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் பிடித்தால் ஊசி முனை அளவு ஓட்டையும் காட்டிக்கொடுக்கும். கைலாசநாதர் கோயில் பிரகாரத்தில் நண்பகலில் மூடி இல்லாமல் கேமராவைத் தோளில் போட்டுத் திரிகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் கேமராவால் ஆகாத வேலையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான லென்ஸுகள் 70 சென்டிமீட்டருக்குக் கிட்டே வராது. புட்டாவின் சரிகை இழை, முந்தியின் மூலை என்று நுணுக்கம் காட்ட எஸ்.எல்.ஆர்.தான். புடவைக் கடை விளம்பரத்துக்குப் படமெடுத்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் வீண் செலவு.

தறியில் இருப்பவர் எப்போதும் கேட்பார்: "எங்க தம்பி, காட்டு பார்ப்போம்." காட்ட முடியாது, பின்னால் திரையே இல்லை. "ஃபிலிமுங்க ஐயா, கழுவினாத்தான் தெரியும்" என்றால் வயதானவர்கள் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் கல்யாணப் படங்கள் அப்படி வந்தவைதான். புது டிசைன் தறியில் ஏறியிருந்தால் கேட்காமல் கேமராவை எடுக்கவே கூடாது. டிசைன் வெளியே போனால் விசைத்தறியில் மலிவாக நெய்து விற்றுவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, நியாயமான பயம்.

கழுவும் வேலையைக் கறுப்பு வெள்ளையில் வீட்டிலேயே செய்யலாம். டெவலப்பருக்கு 20 டிகிரி சூடு வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். காஞ்சிபுரத்துக் கோடையில் தொட்டித் தண்ணீர் அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். ஐஸ் கட்டி வைத்த வாளிக்குள் மருந்துப் பாத்திரத்தை இறக்கி வைப்பதுதான் வழி. ஒரு காலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோத் தாளும் செய்தது. நம் மாநிலத்திலேயே தயாரான சரக்கு. அந்த ஆலை மூடிய இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது ஒவ்வொரு ரோலும் இறக்குமதி, 36 படத்துக்கு நூற்றுக்கணக்கில் செலவு.

அதனால் கடைக்குப் போகும் முன் கணக்கை இப்படிப் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மாதம் இரண்டு ரோல், மருந்து, உட்கார இடம் கொடுத்த ஒவ்வொரு தறி வீட்டுக்கும் ஒரு பெரிய பிரிண்ட். இந்தத் தொகையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்கு எந்தக் கேமரா வருகிறதோ அதை வாங்குங்கள். எம்6 வந்தால் எம்6. பெஸ்ஸா வந்தால் பெஸ்ஸா. கேனனெட்தான் வரும் என்றால் கேனனெட்டோடு அடுத்த வாரமே தறி வீட்டுக்கு வாருங்கள்.